சுருளி தின்னாத பலாப்பழம்

ஒரு காட்டில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. சிங்கம் எங்கே, நரி எங்கே என்று தேடாதீர்கள் பிள்ளைகளே. இந்தக் கதையில் இரண்டும் கிடையாது. வாத்தியார் இருக்கிறார், அது போதாதா?

வாத்தியார் ஒரு மிளா. மான் கூட்டத்திலேயே பெரிய உருவம். காது ஒவ்வொன்றும் தேக்கிலை அளவு. மலைக்கு அந்தப் பக்கம் சருகு விழுந்தாலும் அவருக்குக் கேட்கும். எதிரே நிற்கிற பிள்ளை பேசினால் மட்டும் கேட்காது. அது என்ன காதோ, போங்கள்!

பள்ளிக்கூடம் என்றால் கட்டடம் இல்லை. சுற்றிலும் பாறை, நடுவில் சமதரை, ஒரு மூலையில் பாறை மறைவில் சுனை. உள்ளே வர ஒரே ஒரு இடுக்கு. இரை தேடப் போகும் தாய்மார்கள் காலையில் குட்டிகளை இங்கே விட்டுவிட்டுப் போவார்கள். வெளியே செந்நாய்க் கூட்டம் திரிந்தது. தனியாக ஒரு குட்டி அகப்பட்டால் அவை விடாது. ஆனால் இடுக்கில் வாத்தியாரின் கொம்பு தெரிகிறவரை ஒரு செந்நாயும் எட்டிப் பார்க்காது. அந்த விஷயத்தில் அவர் கெட்டிக்காரர், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அங்கே சுருளி என்று ஒருத்தி படித்தாள். அவள் ஓர் அழுங்குக் குட்டி. அழுங்கு பார்த்திருக்கிறீர்களா? உடம்பு முழுக்க ஓடு ஓடாகச் செதில் இருக்கும். எறும்பும் கறையானும்தான் அதற்குச் சாப்பாடு. பயம் வந்தாலும் கோபம் வந்தாலும் பந்தாகச் சுருண்டுகொள்ளும். புலி வந்து புரட்டினாலும் பிரியாது. சுருளி தினமும் அம்மாவின் வாலில் தொத்திக்கொண்டு பள்ளிக்கூடம் வருவாள்.

சுருளி நல்ல பிள்ளையா? உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அப்படியெல்லாம் இல்லை. பாடம் நடக்கும்போது தரையைத் தோண்டுவாள். யாராவது வாலை மிதித்தால் அதே வாலால் பளாரென்று ஒன்று வைப்பாள். வாத்தியார் திட்டத் தொடங்கினால் முதல் வார்த்தை முடிவதற்குள் சுருண்டுவிடுவாள். வாத்தியாரும் சளைக்காமல் அந்தப் பந்தைப் பார்த்துத் திட்டிக்கொண்டே இருப்பார்.

நல்ல பிள்ளை வேண்டுமா? அதற்கு நல்லமுத்து இருந்தான். அவன் ஒரு மரநாய்க் குட்டி. பெயரில்தான் நாய். பார்த்தால் பூனை மாதிரி இருப்பான், பழம் என்றால் உயிரை விடுவான். காலையில் கைகட்டி உட்கார்ந்தான் என்றால் சாயங்காலம்தான் பிரிப்பான்.

"நல்லமுத்துவைப் பாருங்க!" என்பார் வாத்தியார், தினமும்.

மத்தியானச் சாப்பாட்டைத் தாய்மார்கள் முறை வைத்துக் கொண்டுவருவார்கள். ஒரு நாள் அத்திப்பழம். பன்றிக்குட்டி தன் பங்கைத் தின்றுவிட்டு, "சார், இன்னொண்ணு!" என்று கேட்டான்.

"நல்லமுத்து கேக்கறானா பாரு! நல்ல பிள்ளை இன்னொண்ணு கேக்காது" என்றார் வாத்தியார்.

நல்லமுத்து எச்சிலை விழுங்கிக்கொண்டு சும்மா இருந்தான். சுருளிக்கு இந்தப் பங்கீட்டில் வேலையே இல்லை. அவள் எப்போதும் இன்னொரு மூலையில் இருக்கும் கறையான் புற்றில் நாக்கை நீட்டிச் சாப்பிட்டுக்கொள்வாள். இதை எல்லாக் குட்டிகளும் தினமும் பார்த்தார்கள். நீங்களும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் கரடியம்மாவின் முறை. அவள் ஒரு பலாப்பழம் கொண்டுவந்தாள். சின்னப் பழம்தான், ஆனால் பழுத்து வெடித்திருந்தது. வாசனை பாறையைச் சுற்றிச் சுற்றி வந்தது. அன்று ஒரு குட்டிக்கும் பாடம் ஏறவில்லை.

"முதல்ல தண்ணி, அப்புறம் பழம். எல்லாரும் சுனைக்கு வாங்க" என்றார் வாத்தியார்.

"நான் வரல" என்றாள் சுருளி. அவள் புற்றுக்குப் பக்கத்தில் நடைவழியில் தலையை மண்ணுக்குள் விட்டு மும்முரமாகத் தோண்டிக்கொண்டிருந்தாள்.

"கிட சனியனே! நல்லமுத்து, நீ இங்கேயே இருந்து பழத்தைப் பார்த்துக்கோ. நீ இருக்கும்போது எனக்கென்ன கவலை?"

எல்லாரும் போனார்கள், குடித்தார்கள், குதித்தார்கள், திரும்பினார்கள். வருகிற வழியில் பன்றிக்குட்டி ஒரு பள்ளத்தில் கால்வைத்து விழுந்து, "ஐயோ, என் கால்!" என்று அலறினான். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஏனென்றால் அந்த நேரத்தில்தான் முயல்குட்டி, "பழத்தைக் காணோம்!" என்று கத்தினாள்.

பழம் இருந்த இடத்தில் கிழிந்த முள்தோலும் சுளையைச் சுற்றியிருக்கும் நார்ச்சடை கொஞ்சமும் மட்டும் கிடந்தன. கொட்டைகள் நாலாபக்கமும் உருண்டிருந்தன. நல்லமுத்து அவன் இடத்தில் கைகட்டி உட்கார்ந்திருந்தான்.

"யார் செஞ்சது?" என்று வாத்தியார் குளம்பால் தரையை உதைத்தார்.

"சுருளிதான் சார்!" என்றான் மந்திக்குட்டி.

"ஆமா சார், அவதான் சார்!" என்று எல்லாக் குட்டிகளும் கத்தின.

யாராவது பார்த்தார்களா? எங்கே பார்த்தார்கள்! எல்லாரும்தான் சுனையில் கும்மாளம் போட்டுக்கொண்டிருந்தார்களே. எது நடந்தாலும் சுருளி என்று சொல்லி வாய் பழகிவிட்டது, அவ்வளவுதான்.

"நல்லமுத்து, நீதானே காவல் இருந்தே? நீ சொல்லு" என்றார் வாத்தியார்.

நல்லமுத்து தலையைக் குனிந்துகொண்டான்.

"பாருங்க, ஒருத்தியைக் காட்டிக்கொடுக்கக்கூட இவனுக்கு மனசு வரல. தங்கம்! ஏய் சுருளி, ஏன் தின்னே?"

"நான் தின்னல."

"பொய் வேறயா? போடு தோப்புக்கரணம்!"

தோப்புக்கரணம்தான் அந்தப் பள்ளிக்கூடத்தின் தண்டனை. வலது கையால் இடது காது, இடது கையால் வலது காது, பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழ வேண்டும். முயல்குட்டி தன் நீளக் காதில் தானே தடுக்கி விழுவாள். மந்திக்குட்டி சிரித்துக்கொண்டே போடுவான். பன்றிக்குட்டிக்குக் கை எட்டவே எட்டாது, ஆனாலும் போடுவான். வாத்தியாருக்கு நாலும் குளம்பு. அதனால் அவர் வாழ்நாளில் ஒன்றுகூடப் போட்டதில்லை.

"மாட்டேன்" என்றாள் சுருளி.

"என்ன சொன்னே?"

"நான் செய்யல. போட மாட்டேன்."

வாத்தியார் வாயைத் திறந்தார். அதற்குள் சுருளி பந்தாகிவிட்டாள்.

அன்று மத்தியானம் முழுக்க எல்லாருக்கும் வயிறு காய்ந்தது, எல்லாருக்கும் சுருளிமேல் ஆத்திரம். பந்தின்மேல் ஒருவன் மண்ணை வாரிப் போட்டான். இன்னொருத்தி காலால் உருட்டிவிட்டாள். உள்ளே சுருளி அழுதாளா என்று கேட்காதீர்கள். அழுதாள். ஆனால் சத்தம் வெளியே வரக் கூடாது என்று அழுதாள்.

செதில்களுக்கு நடுவே ஓர் இடுக்கு வழியாக அவள் வெளியே பார்த்தாள். எறும்புச் சாரி ஒன்று பழத்தோலிலிருந்து புறப்பட்டுத் தரையைக் கடந்து போய்க்கொண்டிருந்தது. எறும்பு எங்கே போகிறது என்பதை அழுங்குக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தச் சாரி நேராகப் போய் நல்லமுத்துவின்மேல் ஏறியது. அவன் முகம் சுளித்தான், பல்லைக் கடித்தான், எறும்பை மட்டும் தட்டிவிடவில்லை.

"எறும்பு கடிச்சாலும் கட்டின கையைப் பிரிக்கறானா பாருங்க!" என்று வாத்தியார் பூரித்துப்போனார்.

சுருளிக்கு விஷயம் புரிந்துவிட்டது. சொல்லியிருக்கலாம். ஆனால் கோள் சொல்வது அவளுக்குப் பிடிக்காது. அதுவும் தவிர, அவள் சொன்னால் யார் நம்பப் போகிறார்கள்?

சாயங்காலம் தாய்மார்கள் வந்தார்கள். சுருளியின் அம்மாவிடம் வாத்தியார் எல்லாவற்றையும் சொன்னார். அம்மா முழுசாகக் கேட்டு முடிக்கக்கூட இல்லை.

"மன்னிச்சிடுங்க சார். செஞ்சிருப்பா சார். வீட்டிலேயும் இப்படித்தான், ஒரு சொல் பேச்சுக் கேக்கறதில்ல. அடிச்சாவது திருத்துங்க" என்றாள்.

"நீங்க மன்னிப்புக் கேட்டா ஆச்சா? அவ தோப்புக்கரணம் போடணும். போடலேன்னா நாளையிலிருந்து இவளைக் கூட்டிட்டு வராதீங்க."

அம்மா பதறினாள்.

"சார், சார்! நான் இரை தேடப் போனா இவளைத் தனியா எங்கே விடுவேன்? வெளியே செந்நாய் திரியுதே!"

"அதை உங்க பொண்ணு யோசிச்சிருக்கணும்."

அம்மா பந்தின் அருகே ஓடி வந்து குனிந்தாள். "எழுந்திருடி. தின்னியோ தின்னலையோ, ஒண்ணு போட்டுத் தொலையேன். நமக்கெதுக்குடி வம்பு?"

மற்றவர்கள் சொன்னதையெல்லாம் சுருளி தாங்கிக்கொண்டாள். இதைத் தாங்க முடியவில்லை. பந்து விரிந்தது. அவள் அம்மாவின் முகத்துக்கு நேராக வந்து நின்றாள்.

"அம்மா, உனக்குப் பல் இருக்கா?"

"என்னடி கேள்வி இது?"

"இருக்கா, இல்லையா? பார்த்துச் சொல்லு."

அம்மா வாய்க்குள் நாக்கைச் சுழற்றினாள். இந்தப் பக்கம் சுழற்றினாள், அந்தப் பக்கம் சுழற்றினாள். அழுங்கு குலத்திலேயே ஒருவருக்கும் பல் கிடையாது. அவள் அம்மாவுக்கும் இல்லை, பாட்டனுக்கும் இல்லை.

"இல்ல" என்றாள் அம்மா, மெதுவாக.

"எனக்கு?"

அம்மா மகளின் வாயைப் பார்த்தாள்.

"நான் பிறந்ததிலிருந்து எறும்பையும் கறையானையும் தவிர எதையாவது தின்னு பார்த்திருக்கியா? இவங்களுக்குத் தெரியல, சரி. நீயுமா அம்மா கேக்கல?"

குட்டிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அட, ஆமாம்! சுருளி புற்றில்தானே சாப்பிடுவாள்! வாத்தியாருக்கும் அது உறைத்தது. ஆனால் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்குவது லேசா? அதுவும் இத்தனை தாய்மார்கள் முன்னால்?

"தின்னலேன்னா என்ன? கிழிச்சு எறிஞ்சிருப்பே! அதுக்குத்தான் உனக்கு நகம் இருக்கே. போடு தோப்புக்கரணம்!" என்றார் அவர்.

"செய்யாத தப்புக்குப் போட மாட்டேன்" என்றாள் சுருளி. "செந்நாய் தின்னா தின்னுட்டுப் போகட்டும்."

"சுருளி!" என்று அலறினாள் அம்மா. ஆனால் இந்தத் தடவை அவள் மகளை இழுக்கவில்லை. மகளின் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

அம்மாவின் கண் வெளியே போகும் இடுக்குப் பக்கமே போவதைச் சுருளி பார்த்தாள். நாளைக்குச் செந்நாய் வந்தால் தனக்கு மட்டுமா ஆபத்து? கொஞ்சம் யோசித்தாள். பிறகு குரலை அடக்கமாக மாற்றிக்கொண்டாள்.

"சார், எனக்குக் காதுன்னு இருக்கறது சும்மா ஒரு ஓட்டை. எதைப் பிடிக்கறது, எப்படிப் போடறதுன்னு எனக்குத் தெரியல. நல்லாத் தெரிஞ்ச ஒரு நல்ல பிள்ளையைச் செஞ்சு காட்டச் சொல்லுங்க. பார்த்துக் கத்துக்கறேன்."

"அப்படி வா வழிக்கு!" என்று வாத்தியார் கொம்பை நிமிர்த்தினார். "நல்லமுத்து! எழுந்து இவளுக்குச் செஞ்சு காட்டு."

நல்லமுத்து எழுந்தான். கை கட்டியது கட்டியபடியே இருந்தது.

"காதைப் பிடி."

"சார்..."

"என்ன சார்? வலது கையை எடுத்து இடது காதைப் பிடி."

நல்லமுத்து வலது கையை இழுத்தான். வரவில்லை. இடது கையை இழுத்தான். அதுவும் வரவில்லை. பலத்தையெல்லாம் கூட்டி ஒரு இழுப்பு இழுத்தான். "ஆ!" என்று அலறினான். கொத்து முடி பிடுங்கிக்கொண்டு வந்தது. கூடவே ஒரு பலாச்சடையும் ஒரு கசங்கின இலையும் தொங்கின. வாசனையைக் கேட்கவா வேண்டும், குப்பென்று அடித்தது.

வீட்டில் பலாப்பழம் அறுக்கும்போது கையில் எண்ணெய் தடவிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்களே, அது எதற்கு? பலாவின் பால் பிசின் மாதிரி ஒட்டும். மரநாய்க்கு எண்ணெய்க்கு எங்கே போக? நல்லமுத்து ஒரு சுளை என்று தொடங்கி முழுப் பழத்தையும் தின்றான். இலையில் துடைத்தான், இலை ஒட்டிக்கொண்டது. நக்கினான், மீசை ஒட்டிக்கொண்டது. சத்தம் கேட்டதும் வழக்கம்போலக் கையைக் கட்டினான், கையும் ஒட்டிக்கொண்டது.

எல்லாரும் மூக்கை உறிஞ்சினார்கள். பிறகு மந்திக்குட்டி, "நல்லமுத்து திருடன்!" என்று கத்தினான்.

"திருடன்! திருடன்!" என்று மற்ற குட்டிகளும் சேர்ந்துகொண்டன. மத்தியானம் சுருளி என்று கத்தினவையும் இதே வாய்கள்தான், வேறு யாருமில்லை.

பளார்! சுருளியின் வால் பாறையில் விழுந்தது.

"நிறுத்துங்க!" என்றாள் அவள். "இவ்வளவு நேரம் நான், இப்போ இவனா? என்னைப் பண்ணினது போதாதா? அவன் ஏன் எடுத்தான்னு ஒருத்தராவது கேட்டீங்களா? கேளுங்க முதல்ல!"

வாத்தியாரிடம் அப்படி யாரும் பேசினதில்லை. அவர் சுருளியைப் பார்த்தார், நல்லமுத்துவைப் பார்த்தார். திட்டத்தான் வாயைத் திறந்தார். வந்தது வேறு.

"ஏன்டா எடுத்தே?"

"பசி சார்" என்று நல்லமுத்து தேம்பினான். "நேத்தும் எனக்குப் பத்தல. அதுக்கு முந்தியும் பத்தல. நல்ல பிள்ளை இன்னொண்ணு கேக்காதுன்னு சொன்னீங்க. அதனால கேக்கல சார். சுருளியைச் சொன்னப்போ நான் உண்மையைச் சொல்லியிருக்கணும். பயந்துட்டேன் சார்."

வாத்தியாரின் பெரிய காதுகள் இரண்டும் தொங்கிப்போயின. பிறந்ததிலிருந்து அவை முதல்முறையாகப் பக்கத்தில் இருந்த ஒன்றைக் கேட்டிருந்தன.

"தப்பு என்மேலதான் சுருளி. விசாரிக்காம பழி போட்டுட்டேன். நாளைக்கும் நீ வரணும்" என்றார்.

"தப்பு செஞ்சா தோப்புக்கரணம் போடணும் சார்" என்றான் மந்திக்குட்டி. அவன் வாய் சும்மா இருக்குமா?

தாய்மார்கள் பதறிப்போனார்கள். ஆனால் வாத்தியார் கோபித்துக்கொள்ளவில்லை. காதைப் பிடிக்கக் கையில்லை, என்ன செய்வார்? முன்னங்கால் இரண்டையும் மடக்கி, முழங்கால் தரையில் படக் குனிந்து எழுந்தார். பெரிய உடம்பு, மூச்சு வாங்கியது. ஒரு குட்டியும் சிரிக்கவில்லை.

கரடியம்மா இலுப்பைக் கொட்டையை நசுக்கி எண்ணெய் எடுத்துப் பிசினில் தேய்த்தாள். நல்லமுத்துவின்மேல் எறும்பு இன்னும் மொய்த்தபடி இருந்தது. சுருளி அவன் அருகே போனாள்.

"அசையாதே" என்றாள். நீள நாக்கை நீட்டி ஓர் எறும்பு விடாமல் வழித்துத் தின்றாள். "நல்ல ருசி. பலாப்பழ எறும்பு" என்றாள். நல்லமுத்து அழுகையோடு சிரித்துவிட்டான்.

"உன்னைத் தனியா மாட்டிவிட்டுட்டேன். மன்னிச்சுக்கோ சுருளி" என்றான்.

"ம்" என்றாள் சுருளி. பிறகு வாத்தியார் பக்கம் திரும்பினாள். கொஞ்சம் தயங்கினாள். நகத்தால் தரையைக் கீறினாள்.

"சார், நடைவழியில அந்தப் பள்ளம்... அதைத் தோண்டினது நான்தான். பன்றிக்குட்டி விழுந்தது அதிலதான். பாடம் நடக்கும்போது எனக்குக் கை சும்மா இருக்க முடியல, அதான் தோண்டறேன். இதை யாரும் என்கிட்ட கேக்கவே இல்ல."

யாரும் கேட்காமலே போய்ப் பள்ளத்தை மூடினாள். பன்றிக்குட்டியும் நொண்டிக்கொண்டே வந்து மண்ணைத் தள்ளினான். "சரி, நாளையிலிருந்து தோண்ட உனக்குன்னு சுனைக்கரையில ஒரு இடம் தர்றேன்" என்றார் வாத்தியார்.

அம்மா புறப்பட்டாள். வழக்கம்போல வாலைத் தாழ்த்திப் பிடித்தாள். சுருளி ஏறவில்லை.

"நடந்தே வர்றேன்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இருவரும் நடந்தார்கள். புதரைத் தாண்டினார்கள், ஓடையைத் தாண்டினார்கள். அம்மா நின்றாள்.

"சுருளி, இன்னிக்கு என்னடி நடந்துச்சு? முதல்லேர்ந்து சொல்லு. நான் குறுக்கே பேசல."

சுருளி அம்மாவை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு வாலில் ஏறித் தொத்திக்கொண்டாள்.

"காலையில கரடியம்மா ஒரு பழம் கொண்டுவந்தாங்க..." என்று தொடங்கினாள். வளை வந்து சேர்கிறவரை சொன்னாள். அம்மா குறுக்கே பேசவே இல்லை.

நீதி: பிள்ளை திருந்த வேண்டுமானால், அதன் காதைப் பிடிக்கும் முன் உன் காதைக் கொடு.